ஒன்பது மணிக்குப் பிறகு

சின்ன சாமி மடத்துப் பொறுப்புக்கு வந்த பிறகு அது இரண்டாவது மழைக்காலம். பெரிய சாமி அடக்கமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிறிய மடத்தில் இப்போது அவர் ஒருவர்தான். பூசை, சமையல், தோட்டம், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவரே. வயது முப்பத்திரண்டு.

செண்பகவல்லிக்கு நாற்பத்தைந்து. பெரிய சாமியிடம் தீட்சை வாங்கியவள். சின்ன சாமி இளைஞனாக மடத்துக்கு வந்து சேர்ந்து, கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நாட்களைப் பார்த்தவள். அதனால் அவரைச் ‘சாமி’ என்று கூப்பிட நாக்குக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. பிறகு பழகிவிட்டது.

அன்று காலைப் பூசை முடிந்து மற்றவர்கள் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

“என்னம்மா?”

“எனக்கு ஒரு கட்டுப்பாடு போட்டுத் தாங்க சாமி. கடுமையாப் போடுங்க.”

“எதுக்கு?”

“வேலை செய்யதுக்கு.”

சின்ன சாமி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

செண்பகவல்லி பல வருடங்கள் ஒரு வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். கணவர் சுப்பையாவுக்கு அம்பைக்கு மாற்றல் வந்தபோது அந்த வேலையை விட்டாள். இப்போது பார்வையில்லாதவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறாள். மதுரையில் உள்ள ஓர் அமைப்பு புத்தகத்தை அனுப்பும். இவள் வீட்டில் இருந்தே வாசித்து, ஒவ்வொரு பாடமாக அனுப்ப வேண்டும். எப்போது வாசிக்கிறாள், எவ்வளவு வாசிக்கிறாள் என்று கேட்க யாரும் கிடையாது.

“அங்க செகப்பு விளக்கு எரியும் சாமி. எரிஞ்சா பேசணும், அவ்வளவுதான். காய்ச்சலா இருக்கட்டும், வீட்டுல சண்டையா இருக்கட்டும், விளக்கு எரிஞ்ச நிமிசம் கொரல் தானா வந்துரும். இங்க அப்படி வரமாட்டேங்குது.”

“வீட்டுல எங்க இருந்து வாசிக்கீங்க?”

“ஸ்டோர் ரூம்ல. சுத்தி கம்பளியெல்லாம் கட்டித் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திட்டு. எங்க வீட்டுக்காரங்க ஒரு செகப்பு பல்புகூட மாட்டிக் குடுத்தாங்க. நாலு நாள் அதைப் போட்டுட்டு வாசிச்சேன். அஞ்சாம் நாள் அதைப் போடுததே நான்தானேன்னு தோணிட்டு.”

சின்ன சாமி சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கண் நிறைந்துவிட்டது.

“ஒம்பது மணிக்கு உட்காரணும்னு வச்சிருக்கேன் சாமி. எழுதி செவத்துலயும் ஒட்டியிருக்கேன். ஆனா எட்டே முக்காலுக்குத்தான் குத்துவிளக்குல பச்சை புடிச்சிருக்கது கண்ணுல படும். உளுந்து ஊறப் போடணும்னு நெனப்பு வரும். தலையைத் தூக்கிப் பாத்தா ஒம்பதேகால்.”

“ஒம்பதேகாலுக்கு உட்காரலாமே.”

“அதெப்படி சாமி? ஒம்பதுன்னா ஒம்பதுதான். தவறிட்டா அன்னைக்குள்ளது போச்சு.”

“போச்சுன்னா?”

“அந்த அறைக்குள்ள போக அன்னைக்கு எனக்கு யோக்கியதை இல்ல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்புறம் நாள் பூரா எதையாவது தேய்ச்சுக்கிட்டும் துடைச்சுக்கிட்டும் கெடப்பேன். சாயங்காலம் அவங்க வீட்டுக்கு வந்தா மூஞ்சி குடுத்துப் பேச முடியல. என் மேல எனக்கே அவ்வளவு வெறுப்பா இருக்கு. பெரிய சாமி இருந்தா என்னைச் சரி பண்ணியிருப்பாங்க.”

“எப்படி?”

“மணி அடிச்சதும் கதவைச் சாத்திருவாங்கள்ல. அந்தக் கதவுக்குப் பயந்து ஊரே ஓடி வரும். அந்த மாதிரி ஏதாவது சொல்லுங்க. ஒரு பாடம் முடிக்காம தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. இருந்துருதேன்.”

சின்ன சாமி கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடக்கூடியவள்தான் என்று அவருக்குத் தெரிந்தது.

“பின்கட்டுல ஒரு அறை சும்மாதான் கெடக்கு. நாளைலேர்ந்து பூசை முடிஞ்சதும் அங்க உட்கார்ந்து வாசிச்சுப் பாருங்க” என்றார்.

“கட்டுப்பாடு?”

“முதல்ல வாங்கம்மா.”

முதல் வாரம் அதிசயம் போல இருந்தது. விடியும் முன் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். மணி அடிக்கும், பூசை நடக்கும். பூசை முடிந்ததும் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பாள். கெட்டியான சுவர்கள். ஆற்றுச் சத்தம்கூட உள்ளே வராது. இரண்டு பாடம் முடிந்தது. குரல் பழைய குரலாக இருந்தது. வீட்டில் சுப்பையாவிடம், “மடத்துக் காத்துலயே ஒரு ஒழுங்கு இருக்கு” என்று சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. வழியில் மரம் ஒன்று சாய்ந்து, பஸ் நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கி, கிளையை வெட்டி, வழி விட்டு, அவள் மடத்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

வாசல் திறந்துதான் இருந்தது. பின்கட்டுக்குப் போகும் நடையும் தெரிந்தது. அவள் குடையோடு தெருவிலேயே நின்றாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஜனங்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பிறகு அவள் திரும்பி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

“அம்மா!”

பின்னாலிருந்து சின்ன சாமியின் குரல் வந்தது. அவளுக்குக் கேட்டது. மழையில் கேட்காதவள் போல நடையை எட்டிப் போட்டாள்.

மறுநாள் அவள் போகவில்லை. ஒரு நாள் விட்டுப் போன இடத்துக்கு எந்த முகத்தோடு போவது? அதற்கு மறுநாளும் போகவில்லை. வீட்டிலும் ஸ்டோர் ரூம் கதவைத் திறக்கவில்லை. பரணில் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்த்துக் கவிழ்த்தாள். அவை பளபளவென்று இருந்தன. பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஜெபராணி போன் பண்ணினாள்.

ஜெபராணி நாகர்கோவில் பக்கத்துப் பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. அக்காள் வீட்டில் இருந்துகொண்டு ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறாள். செண்பகவல்லி வாசிக்கிற புத்தகம் அவளுக்கானதுதான். தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இந்த முறையை விட்டால் அடுத்த தேர்வு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

“அக்கா, தொந்தரவு பண்ணுதேனா?”

“இல்லம்மா. சொல்லு.”

“ஒம்பதாம் பாடம் வரைக்கும் கேட்டு முடிச்சிட்டேன். இப்ப மறுபடி முதல்லேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். பத்தாவது எப்ப வரும்னு கேக்கத்தான்...”

“அது வந்து...” என்று இழுத்தாள் செண்பகவல்லி.

“அவசரம் ஒண்ணும் இல்லக்கா” என்றாள் ஜெபராணி சட்டென்று. “உங்களுக்கு மேலுக்கு முடியலையோன்னு நெனச்சேன். தொண்டைக்கு வெந்நி குடிங்க. மிளகு தட்டிப் போட்டுக் குடிங்க, நல்லா இருக்கும்.”

போனை வைத்த பிறகு செண்பகவல்லி அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். ஏன் தாமதம் என்று அந்தப் பெண் சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

நாளைக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது என்று முடிவு செய்தாள். சாமி காலில் விழுந்து தண்டனை கேட்பது. கேட்டு வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவது.

முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். மடத்துக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வெளிச்சம் இல்லை. தியானத்தில் இருக்கிறார் போல என்று நினைத்து, படிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றாள்.

கிழக்கு வெளுத்தது. மணி அடிக்கிற நேரம் வந்தது. மணி அடிக்கவில்லை.

வழக்கமாக வருகிற இரண்டு மூன்று பேர் வந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றார்கள். சாமிக்கு உடம்புக்கு என்னவோ என்று பேசிக்கொண்டு, வயல் வேலை இருக்கிறது என்று போய்விட்டார்கள். பூக்காரி மூக்கம்மாள் வந்து மாலையைப் படியில் வைத்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள்.

“சாமி இன்னும் எந்திரிக்கலையாக்கும்” என்று சிரித்துவிட்டு அவளும் போனாள்.

செண்பகவல்லிக்கு முகம் சுட்டது. பெரிய சாமி இருந்த மடம். பெரிய சாமி ஒரு நாள், ஒரே ஒரு நாள் மணி தவறவிட்டதாக யாராவது சொல்ல முடியுமா? கதவைத் தட்டவும் கை வரவில்லை. வெயில் வாசல்படியில் ஏறியது.

அப்புறம் தாழ்ப்பாள் ஓசை கேட்டது. சின்ன சாமி கதவைத் திறந்தார். கண் வீங்கியிருந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் கோரைப் பாயின் வரிவரியான தடம் அப்படியே பதிந்திருந்தது.

“வந்துட்டீங்களாம்மா? கொஞ்சம் இருங்க” என்றார்.

கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டார். ஈர வேட்டியோடு வந்து விளக்கைத் துடைத்து, திரி போட்டு, எண்ணெய் ஊற்றி ஏற்றினார். மாலையை எடுத்துச் சாத்தினார். பிறகு மணியை அடித்தார்.

அதுதான் செண்பகவல்லியைத் தூக்கிவாரிப் போட்டது. ஊரெல்லாம் வேலையில் இறங்கிவிட்ட அந்த வெயிலில், என்றைக்கும் அடிக்கிற அதே சத்தத்தோடு அடித்தார். ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் என்றால் அன்றைக்கு மணியைத் தொட்டே இருக்கமாட்டாள்.

பதிகத்தில் ஒரு பாட்டுகூட விடாமல் பாடினார். அவசரம் இல்லை. தீபாராதனை காட்டி, விபூதி எடுத்து வந்து அவளுக்குக் கொடுத்தார். அவர் முகத்தில் வெட்கம் தெரிகிறதா என்று பார்த்தாள். கன்னத்தில் பாய்த் தடம் மட்டும் இன்னும் கொஞ்சம் இருந்தது.

“சாமி... தூங்கிட்டீங்களா?”

“ஆமாம்மா. மழையில தோட்டத்து வரப்பு உடைஞ்சிட்டு. நேத்து பூரா மண்ணு அள்ளிப் போட்டேன். உடம்பு அசந்துட்டு.” கொஞ்சம் யோசித்து, “அலாரம் வச்சிருந்தேன். அதை அமத்திட்டுத் தூங்கியிருக்கேன்” என்றும் சொன்னார்.

“மனசுக்கு ஒண்ணும் தோணலையா?”

“தோணாம? கண்ணு முழிச்சதும் பக்குனு இருந்துச்சு.”

“பெறவு?”

“பெறவு கிணத்தடிக்குப் போனேன்.”

செண்பகவல்லிக்கு அது போதவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டாள்.

“பெரிய சாமி இருந்திருந்தா?”

“கதவைச் சாத்தியிருப்பாங்க. நான் வெளிய நின்னிருப்பேன். எத்தனையோ நாள் நின்னிருக்கேன். அவங்க உள்ள இருந்து பூசையைப் பாத்துக்கிடுவாங்க. அதனால நான் நிக்கலாம்.”

“இன்னைக்கு?”

“இன்னைக்குச் சாத்துததும் நான்தான். வெளிய நிக்கதும் நான்தான்.” அவர் எரிகிற விளக்கைத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு பேரும் வெளியவே நின்னுக்கிட்டிருந்தா, விளக்கை யாரும்மா ஏத்துவா?”

செண்பகவல்லி கேட்டு வாங்க வந்த தண்டனை வாயிலேயே நின்றுவிட்டது. அவர் போய் ஒரு தூக்குச் சட்டியில் பால் எடுத்து வந்து அடுப்பில் வைத்தார். காய்ந்ததும் ஒரு தம்ளர் அவளுக்குக் கொடுத்தார். குடித்துக்கொண்டே, பாடத்துக்குக் காத்திருக்கிற பெண் போன் பண்ணியதைச் சொன்னாள்.

“அந்தப் பிள்ளை பேரு என்னம்மா?”

“ஜெபராணி.”

“எது வரைக்கும் கேட்டிருக்கா?”

“ஒம்பதாம் பாடம் வரைக்கும்.”

“பத்தாவதுல என்ன வருது?”

“திக்கித் திக்கிப் பேசுத பிள்ளைங்களைப் பத்தி. வகுப்புல அதுகளை எப்படிப் பேச வைக்கதுன்னு.”

“நல்ல பாடமா இருக்கே. வீட்டுக்குப் போயி வாசிங்க.”

“பின்கட்டுல?”

“அது அங்கதான் இருக்கும். இன்னைக்கு வீட்டுல வாசிங்க.”

“போய்ச் சேரவே ஒம்பது தாண்டிரும் சாமி.”

“தாண்டட்டும்.”

தாண்டியது ஒன்பது மட்டும் இல்லை. பஸ் கிடைத்து, வீட்டுக்கு வந்து, சுப்பையா மதியச் சாப்பாட்டுக்கு வந்து போய், பாத்திரம் கழுவி வைத்தபோது மணி மூன்று. ஸ்டோர் ரூம் வாசலில் போய் நின்றாள். உள்ளே போகக் கால் தயங்கியது. காலையெல்லாம் எங்கே போயிருந்தாய் என்று ஒரு குரல் கேட்டது. அவள் நன்றாக அறிந்த குரல். அவளுடைய குரலேதான்.

அங்கே வேறு ஒருத்தி நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். மழையில் நனைந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, எப்படியோ வேலைக்கு வந்து சேர்ந்தவள். அவளைப் பார்த்து என்னவென்று சொல்லி விரட்டுவது?

உள்ளே போனாள். ஃபேனை நிறுத்தினாள். புத்தகத்தைப் பிரித்தாள்.

முதல் இரண்டு பக்கம் குரல் கரகரத்தது. மிளகு போட்ட வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. அது ஓயும் வரை காத்திருந்தாள். பிறகு மழை பிடித்தது. கம்பளியையும் தாண்டி ஓட்டின் மேல் கேட்டது. நிறுத்தலாமா என்று யோசித்து, நிறுத்தாமல் வாசித்தாள். முதுகில் வேர்வை வழிந்தது. திக்குகிற குழந்தை ஒரு சொல்லை முடிக்கும் வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டும் என்ற இடத்தை மெதுவாக வாசித்தாள். சுப்பையா வேலை முடிந்து வந்து, சத்தம் கேட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று பாதிப் பாடம்தான் முடிந்தது. சாயங்காலம் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து தானும் குடித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் எட்டரைக்கே உட்கார்ந்தாள். சில நாள் பதினொன்றாகியது. ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் அரை மணி நேரம் வாசித்துவிட்டு வந்தாள். சுப்பையாவுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது, விட்ட நாளுக்கும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று பழைய குரல் சொன்னது. அன்றைக்கு உள்ளதை மட்டும் வாசித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரில் ஒட்டியிருந்த தாள் ஓரம் பிய்ந்து தொங்குவதைப் பார்த்தாள். எடுத்துக் கசக்கிப் போட்டாள். கோபத்தோடு ஒன்றும் இல்லை.

கடைசிப் பாடம் தேர்வுக்கு ஆறு நாள் முன்னால் ஜெபராணிக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே போன் வந்தது.

“அக்கா, பத்தாம் பாடத்துல மழைச் சத்தம் கேக்கு.”

“ஆமாம்மா. மன்னிச்சிரு. அன்னைக்கு நிறுத்தியிருக்கணும்.”

“ஐயோ, இல்லக்கா. எனக்கு அந்தப் பாடந்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க பக்கத்துல உட்கார்ந்து வாசிக்க மாதிரி இருக்கு. தம்ளரைக் கீழ வைக்க சத்தம்கூடக் கேக்கு. வெந்நிதானே?”

“வெந்நிதான்” என்றாள் செண்பகவல்லி.

தேர்வு முடிந்த அடுத்த நாள் காலையில் மடத்துக்குப் போனாள். பூசைக்குப் பிறகு சின்ன சாமி வாழைக்கன்றுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“நல்லா எழுதியிருக்காளாம் சாமி. இனி அவ பாடு, கடவுள் பாடு.”

“நல்லதும்மா.”

“அடுத்த புத்தகம் வந்திருக்கு. வரலாறு. தலகாணி தண்டி இருக்கு.”

சின்ன சாமி சிரித்தார். அவள் போகாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

“என்னம்மா?”

“ஒண்ணு கேக்கணும் சாமி. ரொம்ப நாளா மனசுல கெடக்கு. தப்பா எடுத்துக்கிடக் கூடாது.”

“கேளுங்க.”

“அன்னைக்கு... எனக்குப் புரியட்டும்னுதானே நீங்க தூங்குன மாதிரி இருந்தீங்க?”

சின்ன சாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். நிஜமாகவே வியந்துபோய் அவளைப் பார்த்தார்.

“இல்லம்மா. நல்லாத் தூங்கிட்டேன்.”

“நெசமாவா சாமி?”

“போன செவ்வாய்க்கிழமையும் தூங்கிட்டேன்” என்றார்.

“அப்புறம்?”

சின்ன சாமி அடுத்த கன்றுக்கு நகர்ந்தார். குனிந்து மண்ணைக் கையால் அணைத்துக்கொண்டே சொன்னார்.

“எந்திரிச்சேன்.”